நூறு வாட்

கதவுக்கு அடியில் செருகியிருந்த துண்டு நான்கு விரற்கடை உள்ளே போயிருந்தது.

பூஜையின் சப்தமி அன்று காலை தரை துடைக்கக் குனிந்தபோதுதான் அமலா அதைக் கவனித்தாள். முந்தின நாள் சாயங்காலம் அதைச் செருகியவள் அவளே. நீளவாக்கில் நான்காக மடித்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி தள்ளி, ஓரம் நேராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருந்தாள். இப்போது இரண்டு முனைகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. நடுப்பகுதி மட்டும் வளைந்து கதவுக்குள் போயிருந்தது, அந்தப் பக்கத்திலிருந்து அந்த ஒரு இடத்தை மட்டும் யாரோ பிடித்து இழுத்ததுபோல.

குளிர்ந்த காற்று கனமானது. அது மிதக்காது, இறங்கும். இறங்கித் தரையோடு தண்ணீர் மாதிரி ஓடும். ஏ.சி. அறையின் கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் பானையின் அடியில் ஓட்டை விழுந்தது போலத்தான். அதனால் துண்டு. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் கணவன் சிபி. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடத்தப்பட்டிருப்பவனும் அவன்தான்.

அவள் துண்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். எதிலோ சிக்கியிருந்ததுபோல ஒரு கணம் வரவில்லை. பிறகு வந்தது. உள்ளே இருந்த பகுதி ஈரமாக இருந்தது. ஏ.சி.யிலிருந்து நீர் சொட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஏ.சி. எதிர்ச்சுவரில், பதினொரு அடி தள்ளி இருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

சிபி கிதர்ப்பூர் கப்பல்துறையில் ரீஃபர்களைப் பராமரிக்கும் மெக்கானிக். இறாலும் மீனும் ஏற்றிப் போகும் குளிர் கன்டெய்னர்களுக்கு அங்கே அதுதான் பெயர். மார்த்தாண்டத்திலிருந்து வங்காளத்துக்கு வந்து பவானிபூரின் இந்தப் பழைய வீட்டு மாடியில் குடியேறி ஒன்பது வருடம். சுவர்கள் இரண்டடி கனம். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதைத்தான் சபையின் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குக் கொடுத்திருந்தார்கள். இருபது பேர் உட்கார்ந்தால் வேகிறது என்று, கழித்துப்போட்ட ஏ.சி. ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்து அவனே மாட்டினான். பழைய மாடல். ஓடினால் முழுவேகத்தில் ஓடும், நின்றால் முழுசாக நிற்கும். அதன் வெளிப்பெட்டி சமையலறையை ஒட்டிய பின்வராந்தாவில், அவள் காய் நறுக்கும் இடத்துக்கு இரண்டடி தள்ளி இருந்தது.

போன கோடையில் ஒருநாள் அவளை அங்கே உட்காரவைத்துக் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் மடியில் போட்டான்.

"ரூம ஒரு ஓட்டப் படகா நெனச்சுக்க பிள்ளே. சூடு உள்ள ஒழுகிக்கிட்டே இருக்கு. கம்ப்ரசர் அத அள்ளி வெளிய ஊத்துது. ஒழுக்கு கூடினா அடிக்கடி அள்ளணும், கொறஞ்சா நின்னு நெதானமா அள்ளலாம். கேட்டியா?"

"கேட்டேன்."

"இப்ப உள்ள ஆளு கெடையாது. எத்தன நிமிசம் நிக்குதுன்னு பாரு."

ஆறு நிமிடம் நின்றது. பிறகு அவன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். நான்கு நிமிடம்தான் நின்றது. மறுபடி பார்த்தாள். நான்கு.

"மனுசன் ஒருத்தன் நூறு வாட் பல்பாக்கும்," என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். "ரீஃபருக்குள்ள லோடர் ஒளிஞ்சு தூங்கினாக்கூட நான் வெளிய நின்னே சொல்லிருவேன்."

"அப்ப நான் எத்தன வாட்டு அத்தான்?"

"வாயத் தொறக்காம இருந்தா நூறு. தொறந்தா இருநூறு."

அந்தச் சிபிக்குத்தான் மகாளயத்துக்கு மறுநாள் காய்ச்சல் வந்தது. சபையில் யாரும் மாத்திரை சாப்பிடுவதில்லை. வேதத்தில் எழுதியிருப்பதோடு ஒன்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வியாதிக்காரன் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வைத்தியரைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. இதில் சிபி அவளைவிட உறுதியானவன். ஒரு இயந்திரத்துக்கு அதைச் செய்தவன் கொடுத்த கையேடு எப்படியோ அப்படித்தான் மனிதனுக்கு வேதம் என்பான். கையேட்டில் இல்லாத திருகை யாராவது திருகுவார்களா.

சபை மூப்பர் சௌந்தரராஜன் ஐந்து நாளும் டாலிகஞ்சிலிருந்து வந்து எண்ணெய் பூசினார். ஷஷ்டி அன்று மதியம் சிபியின் கைகால்கள் சில்லிட்டன. நாலு மணிக்கு மூப்பர் அவன் மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே விரலை வைத்தார். தெருமுனைப் பூஜைப் பந்தலில் அப்போதுதான் தாக் மேளம் முதல்முதலாக முழங்கத் தொடங்கியது.

"நித்திரை அடைஞ்சுட்டார்," என்றார்.

அமலா அழத் திறந்த வாயை மூப்பரின் மனைவி ஷியாமளா உள்ளங்கையால் பொத்தினாள். மூப்பர் அவசரப்படாமல், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இப்படித்தான் வேதத்தில் ஒருவன் நித்திரை அடைந்தான். அவனை உள்ளே வைத்து அடைத்தார்கள். நான்காம் நாள்தான் கல்லைப் புரட்டினார்கள், அவன் நடந்து வந்தான். நாற்றம் எடுக்குமே என்று கேட்ட அவன் சகோதரி அதற்கே கண்டிக்கப்பட்டாள். ஆகவே சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி. டாக்டர் வேண்டாம், சர்ட்டிபிகேட் வேண்டாம், தசமி சாயங்காலம் வரை கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். எட்டிப் பார்ப்பது சந்தேகம். சந்தேகம் இருந்த ஊரில் ஆண்டவரே அதிக அற்புதம் செய்யவில்லை.

"ஏ.சி. போடலாமா ஐயா?" என்று கேட்டாள் அமலா.

அவர் யோசித்தார். "குளிர் மருந்து இல்லையே. போடுங்க."

பதினாறில் வைத்தாள். ஒற்றைப் போர்வை போர்த்தினாள். பித்தளைத் தாழ்ப்பாளை வெளியே போட்டார்கள். பூட்டு இல்லை. சிபி மாதாமாதம் எண்ணெய் விடுகிற தாழ்ப்பாள். சுண்டுவிரலால் தள்ளினாலே நகரும்.

சப்தமி முழுவதும் வராந்தாவில் உட்கார்ந்து அவள் எண்ணினாள். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்த 'டக்'கென்ற சத்தமும், அதைத் தொடர்ந்து பெட்டி ஒருமுறை நடுங்கி ஓடத் தொடங்குவதும், ஓடி ஓடி நிற்பதும், நின்றபின் கொடியில் காயும் துணிகளின் ஈரவாடையும் தெருவிலிருந்து ஏறிவரும் சாம்பிராணிப் புகையும் மட்டும் மிஞ்சுவதும், அவளைக் கேட்காமலே கடிகாரத்தோடு சேர்ந்துகொண்டன. நான்கு நிமிட ஓய்வு. ஓட்டம். நான்கு நிமிட ஓய்வு.

சூடான இறைச்சியை ஏற்றினால் ஆறுவதற்கு ஒருநாள் ஆகும் என்று அவன் சொன்னதுண்டு. அதுதான் என்று நினைத்தாள். ஒருநாள் போகட்டும்.

அஷ்டமி காலையும் நான்குதான்.

"சிஸ்டர்," என்றாள் ஷியாமளாவிடம். ஷியாமளா இரவும் பகலும் முன்னறையில் பாயைப் போட்டுக் காவல் இருந்தாள். "உள்ள இன்னும் சூடு இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அமலா சொன்னாள். படகு, ஒழுக்கு, நூறு வாட், எல்லாம்.

ஷியாமளா முக்காட்டைச் சரிசெய்தாள். "விசுவாசத்துக்குக் கடிகாரம் எதுக்கு சிஸ்டர்? அந்த வராந்தாவுல போய் உக்காராதீங்க. இங்க வந்து பாடுங்க."

பதினோரு மணிக்குக் கீழ்வீட்டு அண்ணி, மிதாலி பௌதி, நாரு எனும் தேங்காய் உருண்டைகளோடு வந்தாள். புதுப் புடவையின் கஞ்சி வாசனை. "தாதா கேமோன் ஆச்சேன்? ஜ்வர் கொமேச்சே?" அண்ணன் எப்படி இருக்கிறார், காய்ச்சல் இறங்கியதா என்று கேட்டாள். அமலா தலையை எப்படி ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பௌதி வாசலிலேயே நின்று, வங்காளமும் இந்தியுமாகத் தன் மைத்துனன் கதையைச் சொன்னாள். போன பூஜைக்கு இதே காய்ச்சல். கையெல்லாம் ஐஸ். மணிக்கட்டில் நாடியே இல்லை. செத்துவிட்டான் என்று மாமியார் துளசி இலை எடுக்கப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இருக்கிறது என்று பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். எட்டாம் நாள் இலிஷ் மீன் கேட்டுச் சண்டை போட்டான்.

"என் அண்ணன் மகன் டாக்டர். கீழதான் இருக்கான். வரச் சொல்லட்டா?"

அமலா உருண்டைகள் இருந்த பித்தளைத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாங்க," என்று பின்னாலிருந்து ஷியாமளா இந்தியில் சொன்னாள். "அவர் தூங்கறார்." கதவைச் சாத்தினாள். தட்டு அமலாவின் கையிலேயே தங்கிவிட்டது.

அவர் மூப்பர். அவருக்குத் தெரியாதா. கழுத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார். பார்த்தாரா? மணிக்கட்டு. மூக்கு. கழுத்தை அவர் தொட்டதாக நினைவில்லை.

அஷ்டமி முடிந்து நவமி தொடங்கும் அந்தச் சந்தி நேரத்தில் பந்தலில் நூற்றெட்டு விளக்குகள் ஏற்றுவார்கள். மேளக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெறிகொண்டதுபோல அடிப்பார்கள். ஜன்னல் கண்ணாடியும் அலமாரித் தட்டுகளும் அதிரும். அந்த அதிர்வு சட்டென்று நின்ற இடைவெளியில் அது கேட்டது.

டக்டக். டக்.

கதவின் அடிப்பகுதியில். தரையை ஒட்டி.

மேளம் மறுபடி எழுந்தது. அமலா மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவருகே போய் உட்கார்ந்தாள். மேளம் ஓய்ந்தது.

டக்டக். டக்.

சிக்கிக்கொண்ட கம்ப்ரசரை அவன் திருப்புளியின் கைப்பிடியால் அப்படித்தான் தட்டுவான். இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக. தூங்கினவன எழுப்புத மாதிரி தட்டணும் பிள்ளே, அடிக்கப்பிடாது என்பான்.

துண்டின் நடுப்பகுதி உள்ளே போயிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு விரல் போயிற்று.

அவள் எழுந்து தாழ்ப்பாளில் கைவைத்தாள். எண்ணெய் பட்டது.

"சிஸ்டர்." ஷியாமளா போனை நீட்டிக்கொண்டு நின்றாள். முன்பே மூப்பரின் எண்ணை அழுத்தியிருந்தாள். "ஐயா பேசறார்."

மூப்பரின் குரல் மிருதுவாக இருந்தது. "என்ன கேக்குது?"

"தட்டறாங்க ஐயா. அவங்க தட்டறது மாதிரியே இருக்கு. அவங்கதான்."

"அவர் மாதிரியே இருக்குன்னா அது யாராயிருக்கும்? சாத்தான் தெரியாத கை மாதிரியா தட்டுவான்? உங்களுக்குத் தெரிஞ்ச கை மாதிரிதான் தட்டுவான். வேதத்துல, திரும்பிப் பாக்காதேன்னு சொல்லியும் பாத்தவ உப்புத் தூணாப் போனா. பின்னால யார் குரல் கேட்டிருக்கும்னு நெனைக்கிறீங்க? சொந்தக்காரங்க குரல்தான்."

"உயிரோட இருந்தாங்கன்னா ஐயா?"

"இருப்பார். தசமி அன்னைக்கு. இப்ப நீங்க திறந்தா அவர் செத்தவர். திறக்கலைன்னா உயிரோட வருவார். புருஷன் உயிர் உங்க விரல்ல இருக்கு சிஸ்டர். கைய எடுங்க."

அவள் கையை எடுத்தாள்.

பிறகு குனிந்து துண்டை வெளியே இழுத்தாள். இந்தமுறை அது எளிதில் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். வந்தது. ஓரத்தை விரலால் தடவி நேராக்கினாள். குளிர் வெளியே போகாது.

"அல்லேலூயா," என்றாள் ஷியாமளா.

இரவெல்லாம் ஷியாமளா பாடினாள். பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அது கேட்டது. விடியும்வரை. டக்டக். வெகுநேரம் கழித்து, டக். பிறகு வெறும் டக்.

நவமி காலை ஆறு மணிக்கு அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

நான்கு நிமிடம்.

எட்டு மணி. நான்கு.

பத்து மணி. நான்கரை.

யாரோ கீழே சங்கு ஊதினார்கள். பெட்டி நின்றது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை; மனசுக்குள் எண்ணினாள். அவசரமாக எண்ணக் கூடாது, மெதுவாகவும் கூடாது. முந்நூறு. ஐந்து நிமிடம்.

"சாப்பிடுங்க சிஸ்டர்."

"ம்."

மதியம் மூன்று. பெட்டி நின்றது. இருநூற்று நாற்பது. அது தொடங்கவில்லை. முந்நூறு. தொடங்கவில்லை. அவள் பெட்டியின் தகரத்தைக் கையால் தொட்டாள். தொடங்கு. முந்நூற்று இருபது. தொடங்கேன். முந்நூற்று ஐம்பது.

முந்நூற்று அறுபது. டக்.

ஆறு நிமிடம்.

அடுத்ததும் ஆறு. அதற்கடுத்ததும்.

இப்போது உள்ளே ஆள் கிடையாது.

அவள் முன்னறைக்கு வந்தாள். ஷியாமளா பாட்டை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். "சத்தம் நின்னுடுச்சு பாத்தீங்களா? நாம ஜெயிச்சுட்டோம். ஸ்தோத்திரம் சொல்லுங்க."

"ஸ்தோத்திரம்," என்றாள் அமலா.

தசமி அன்று நாலு மணிக்கு மூப்பரும் நான்கு சகோதரர்களும் வந்தார்கள். ஒருவர் புது வேட்டி சட்டை கொண்டுவந்திருந்தார், எழுந்து வருபவனுக்குக் கொடுக்க. கீழே பெண்கள் அம்மன் சிலையின் நெற்றியில் குங்குமம் தீற்றி, ஒருவர் கன்னத்தில் ஒருவர் பூசி, உலுலு என்று குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். மூப்பர் தாழ்ப்பாளைத் தள்ளினார். சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

கதவு கால்வாசி திறந்து, எதிலோ முட்டி நின்றது.

இரண்டு பேர் தள்ளினார்கள். தரையோடு ஏதோ இழுபடும் ஓசை. குளிர் முதலில் வந்தது, கணுக்கால்வரை, தண்ணீர்போல.

சிபி கதவடியில் கிடந்தான். போர்வையைத் தலையோடு சுற்றியிருந்தான். முழங்கால்கள் நெஞ்சோடு ஒட்டியிருந்தன. கன்னம் தரையில், வாய் கதவிடுக்கை நோக்கி, அடியிலிருந்து வரும் வெளிக்காற்றின் சூட்டைத் தேடியதுபோல. வலக்கையில் விரல்முட்டிகள் தோலுரிந்திருந்தன. துண்டிலிருந்து பிரிந்த நீல நூல்கள் நகங்களில் இருந்தன.

அமலா அவன் கழுத்தைத் தொட்டாள். ரீஃபரிலிருந்து இறக்கிய மீன்.

மூப்பர் கட்டிலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த பதினொரு அடித் தரையைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"எழுந்திருக்கார்," என்றார். "கட்டில்ல படுத்தவர் எழுந்து வந்திருக்கார். செத்தவன் நடப்பானா? எழுதியிருக்கறபடியே எழுந்திருக்கார் பிரதர்."

ஒருவர் முழங்காலிட்டார். இன்னொருவர் அழுதார், சந்தோஷத்தில். ஷியாமளா கைகளை உயர்த்தினாள்.

"அப்ப ஏன் ஐயா..." என்று வேட்டி கொண்டுவந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"வாசல்வரைக்கும் வந்தவரை ஏதோ தடுத்திருக்கு." மூப்பர் அமலாவின் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. பரிவுதான். "சிஸ்டர். நீங்க சந்தேகப்பட்டீங்களா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றாள்.

மூப்பர் தலையசைத்தார். "பரவாயில்லை. எழுப்பினவர் மறுபடியும் எழுப்புவார். இன்னும் நாலு நாள்."

கட்டிலில் கிடத்தினார்கள். முழங்கால்கள் நீளவில்லை. இரண்டு சகோதரர்கள் மேலே ஏறி அழுத்தினார்கள். அந்தச் சத்தத்தின்போது ஷியாமளா உரக்கப் பாடினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். மூப்பர் துண்டை எடுத்து அமலாவிடம் நீட்டினார். அவள் மடித்தாள். பாதி உள்ளே, பாதி வெளியே. ஓரம் நேர்.

அவர்கள் முன்னறையில் கண்ணை மூடி ஜெபிக்க உட்கார்ந்தார்கள். சிலையைக் கரைக்க லாரியில் ஏற்றிக்கொண்டு மேளம் கங்கைப் பக்கம் நகர்ந்தது. ஐந்து நாளில் முதல்முறையாகத் தெரு அமைதியானது. இங்கிருந்தே வராந்தாப் பெட்டியின் சத்தம் கேட்டது.

கதவு திறந்ததால் வெளிச்சூடு உள்ளே புகுந்திருக்கும். முதல் சுற்று நீளும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டாவதும் வேண்டாம். மூன்றாவது நின்றபோது அவள் எண்ணத் தொடங்கினாள். ஆறு வர வேண்டும். உள்ளே ஆள் கிடையாது. கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

நூறு. இருநூறு.

இருநூற்று நாற்பது. டக்.

தவறாக எண்ணியிருப்பாள். அடுத்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. விநாடி முள் நான்கு முறை சுற்றியது.

டக்.

நான்கு.

மூப்பர் கண்ணைத் திறக்கவில்லை. யாரும் திறக்கவில்லை. அவள் தரையைப் பார்த்தாள். துண்டின் நடுப்பகுதி வளைந்தது. ஒரு விரற்கடை உள்ளே போனது. நின்றது. இன்னொரு விரற்கடை.

அமலா எழுந்தாள். கதவருகே போனாள். தாழ்ப்பாள் அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது.

துண்டின் மேல் காலை வைத்து, தன் முழுக் கனத்தோடு மிதித்து நின்றாள்.

இழுவை நிற்கவில்லை.